டீச்சரம்மா வாசலில் ஆயில் மாற்றியது

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் தன் காருக்கு அடியில் படுத்து எஞ்சின் ஆயிலை இறக்கிக்கொண்டிருந்தார். சூடான பழைய எண்ணெயின் வாசனை என் ஜன்னல் வரை வந்தது. எண்ணெய் பிடிக்கும் தட்டை நகர்த்தாமல் வைத்த இடத்திலேயே வைத்திருந்தார். பாதி எண்ணெய் தரையில். போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். கேட்கிற முகமாகத் தெரியவில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ கண்மூடி இந்தக் கார்த்திகையோடு ஒரு வருடம். இனி என் எழுத்தில் நீ பிழை கண்டுபிடிக்க முடியாது என்பது ஒரு சௌகரியம்.

புதுத் துறைமுகம் வந்த புதிது அது. ஒரே அலுவலகத்தில் நீயும் நானும் குமாஸ்தாக்கள். தூத்துக்குடியில் வாடகை வீடு குதிரைக்கொம்பாக இருந்த நேரத்தில், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் தன் வீட்டின் பக்கத்துப் போர்ஷனை நமக்குக் கொடுத்தார். ஓர் அறை, ஓர் அடுப்படி. அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், விடியும் முன்பே வாசலில் கோலம் விழுந்துவிடும். நீ நாசரேத்துக்காரன், ஞாயிற்றுக்கிழமைக் கோயிலைத் தவறவிடாதவன். எட்டயபுரத்திலிருந்து வந்த நான் எந்தக் கோயிலுக்கும் ஒழுங்காகப் போகாதவன். இருந்தும் மூன்று பேருக்கும் ஒத்துப்போனது.

உன் பழைய மோட்டார் சைக்கிளை இன்னொருவன் தொட உனக்குப் பொறுக்காது. ஒரு சனிக்கிழமை நீயே ஆயில் மாற்ற உட்கார்ந்தாய். கோலம் போடுகிற சிமெண்டுத் தரையில் எண்ணெய் கறுப்பாகப் பரவியது. நம் ஊரில் எது சிந்தினாலும் உப்பை அள்ளிக் கொட்டுவதுதானே வழக்கம். உப்பளத்திலிருந்து வந்த உப்பை மூட்டையோடு கவிழ்த்துச் செருப்புக்காலால் தேய்த்தாய். அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வெளியே வந்தார். எண்ணெயைக்கூட அவர் பொறுத்திருப்பார். உப்பு அவருக்கு மகாலட்சுமி; வெள்ளிக்கிழமை பார்த்துப் புது உப்பு வாங்கி ஜாடியில் நிரப்புகிறவர். அதை மிதித்துவிட்டாய்.

உடனே காலி பண்ணச் சொன்னார். உனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வீடு கையில் இருந்தால்தான் பெண்ணை அனுப்புவேன் என்று சாத்தான்குளத்து மாமனார் கறாராகச் சொல்லியிருந்தார். நீ இரண்டு நாள் டீச்சரம்மா பின்னாலேயே நடந்தாய். கடைசியில் இறங்கி வந்தார்.

"அடுத்த தடவை நான் நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன். ஒரு சொட்டு விழுந்தாலும் ரெண்டு பேரும் கெளம்பிடணும்."

விழாவிட்டால் நீ மனைவியோடு அங்கேயே குடியிருக்கலாம். அப்போது அந்த ஓர் அறையில் எனக்கு இடம் இருக்காது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்து ஆயில் மாற்றும் சனிக்கிழமையும் வந்தது. முதலில் பீச் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாய். எஞ்சின் சூடாக இருந்தால்தான் எண்ணெய் இளகிக் கசடோடு இறங்கும். தரையில் சாக்கை விரித்தாய். சாக்கில் விழுந்தாலும் விழுந்ததுதான் என்றார் டீச்சரம்மா. எண்ணெய் ஊற்றுகிற மேல்மூடியை நீ திறக்கவே இல்லை. அது மூடியிருந்தால் கீழே எண்ணெய் பீறிடாமல் அடங்கி வரும். அடிப்போல்ட்டை ஸ்பேனரால் நெகிழ்த்திவிட்டு, விரலால் மேல்நோக்கி அழுத்தியபடியே மரை தீரும் வரை திருகி, வெடுக்கென்று எடுத்தாய்.

பக்கவாட்டில் வெட்டிய தகர டின்னைப் பிடிப்பது என் வேலை. எண்ணெய் முதலில் வளைந்து தள்ளிப்போய் விழும். வேகம் குறையக் குறைய நேர்கீழே திரும்பி வரும். டின் அதன் கூடவே வர வேண்டும். சிந்துவதெல்லாம் இந்த இடத்தில்தான்.

என் கை சற்றுத் தாமதித்தால் போதும். கல்யாணம் தள்ளிப்போகும், நாம் இருவரும் வேறோர் அறை பார்த்துச் சேர்ந்தே போவோம். டின்னைப் பிடித்துக்கொண்டே இதை நினைத்தேன். உன்னைப் பிரிய எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். டின் எண்ணெயின் கூடவே வந்தது.

கடைசிச் சொட்டு வடியும் வரை காத்திருந்து, புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாய். பழைய எண்ணெயை மாட்டுவண்டிக்காரர் அச்சுக்கு என்று வாங்கிப்போனார். டீச்சரம்மா சாக்கை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார்.

கிணற்றடியில் கை கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"ஒன் கை ஆடும்னு நெனச்சேம்லே."

நான் சிரித்து மழுப்பினேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் ஓர் அறைக்குப் போனேன். பிறகு இத்தனை வருடத்தில் அதைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டின்னைப் பிடிக்க அலுவலகத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். என் கை ஆடும் என்று நினைத்தும் நீ டின்னை என்னிடம்தான் கொடுத்தாய்.