மாமாங்கத் தெருவில் ஒரு வெள்ளைச் சேலை

இன்று காலை நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தெருவோர மரங்களுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். ஈரச் சுண்ணாம்பின் காரமான மணம் மூக்கில் ஏறியது. யப்பான்காரனோடு நடந்த யுத்தம் முடிந்துவிட்டது. லொறி விளக்குகளில் ஒட்டியிருந்த கறுப்புக் கடதாசியையும் கிழித்தாயிற்று. ஆனாலும் வளைவில் நிற்கும் மரங்களும் மதகுக் கட்டுகளும் இரவில் தெரியவேண்டும் என்று இன்னும் வெள்ளை அடிக்கிறார்கள். எனக்கு முன்னால் போன, ஊர்த்தலைவர் விதானையாரின் பெண்சாதி அதை நின்று பார்த்தாள். "எங்கட புள்ள இரிந்தா இந்த மரமெல்லாம் என்னத்துக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கட புள்ள என்றது உன்னை.

எனக்கு வாயில் கசப்பு ஊறியது. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் வகுப்புக்குப் போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். இறந்தவர்கள் எங்கோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நம்புகிறவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். என்றாலும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

கலியாணமாகி இரண்டு மாரி கழியுமுன் புருசன் போய் நீ வெள்ளைக்கு மாறினாய். அன்றிலிருந்து விடியற்காலையில் உன் படலை திறக்கும் சத்தம் கேட்டால் ஒழுங்கையில் நடப்பவர்கள் நின்றுவிடுவார்கள். விதானையார் பெண்சாதி ஒரு படி மேலே. சந்தைக்குப் புறப்பட்டு உன் முகத்தில் விழித்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பிப்போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்படுவாள். முழிவிசளம், விழித்த முகத்தின் சகுனம், சரியில்லையாம். நீயோ அவளுக்காகவே வேண்டுமென்று நேரம் பார்த்துப் படலையைத் திறப்பாய். "அக்காவுக்குத் தாகம் தீரட்டும்" என்பாய்.

பிறகு யுத்தம் வந்தது. இராணுவ லொறிகள் குண்டுவிமானங்களுக்குப் பயந்து விளக்கைக் கறுப்புக் கடதாசியால் மூடி, ஒரு கீற்று வெளிச்சத்தை மட்டும் தெருவில் விட்டுக்கொண்டு ஓடின. வாவியோரத்தில் ஒரு மீன்காரர் அடிபட்டுச் செத்தார். ஓட்டியவன் அவரைக் கண்டதாகவே தெரியவில்லை. இரவில் தெருவில் நடப்பவர்கள் வெள்ளை உடுத்த வேண்டும், இல்லையென்றால் ஒரு வெள்ளைத் துணியாவது மேலே போட வேண்டும் என்று விதானையார் வீடு வீடாகச் சொல்லிப் போனார். வெள்ளிக்கிழமைகளில் மாமாங்கக் கோயிலுக்குப் போகும் நம் பெண்கள் பூசை முடிந்து, கோயில் இருக்கும் அமிர்தகழியிலிருந்து இருட்டில்தான் நடந்து திரும்புவார்கள். ஆளுக்கொரு வெள்ளைத் துவாயைத் தோளில் போடுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதுதான் ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியும், அதற்குச் சுமங்கலியும் தெரியாது, கைம்பெண்ணும் தெரியாது என்று விளக்கினேன். சென்னைக்குப் போய்ப் பட்டம் வாங்கிய வாய்க்கு அன்று கிடைத்த மறுமொழியை நீயும் கேட்டாய். புருசன் உயிரோடு இருக்க வெள்ளை போடலாமா, இவளுக்குப் புருசன் என்று ஒருவன் இருந்தால்தானே அது தெரியும் என்றார்கள்.

மரங்களுக்கு வெள்ளை அடித்ததில் யாருக்கும் குறை இருக்கவில்லை. பிறகு அவர்கள் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். உன்னை முன்னால் நடக்கவிட்டு, ஒட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். காலையில் உன்னைக் கண்டு திரும்பி ஓடியவள் அந்தியில் படலையில் வந்து, "வாகா புள்ள, நீ முன்னுக்கு நடந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்று கூப்பிட்டாள். லொறிச் சத்தம் கேட்டதும் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் கோயிலுக்காக அல்ல, உன்னோடு பேசிக்கொண்டு நடக்கத்தான் சில நாட்கள் வந்தேன். அதைக் கண்ணால் கண்டேன். உனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டதற்கு, "பகலில மூதேவி, இரவில லாந்தர். ரெண்டு உத்தியோகம் எனக்கு" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் பெறாமகளின் கலியாணம் வந்தது. உன் அக்காவின் மகள், அக்கா கண்ணை மூடியபின் நீ தூக்கி வளர்த்த பிள்ளை. நம் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகிறது. உனக்குச் சீதனமாக வந்த வீட்டை நீ அவளுக்கே எழுதிக் கொடுத்தாய். அந்த வீட்டில்தான் கலியாணம். அவள் கழுத்தில் தாலி ஏறுவதை ஒரு மூலையில் நின்று பார்த்தால் போதும் என்றாய். அதைத் தவிர இந்த ஊரிடம் நீ வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. விதானையார் பெண்சாதி உன் தோளை அணைத்தாற்போல் பிடித்து அறைப் பக்கம் நடத்தினாள். "குறை நினையாத புள்ள. தாலி ஏறி முடியுமட்டும் உள்ளுக்கு இரி." அந்தக் குரலில் இருந்த பரிவைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. பெறாமகள் குனிந்த தலை நிமிரவில்லை. எல்லாம் முடிந்து நான் அறைக்குள் வந்தபோது நீ பாயில் இருந்தாய். "மேளம் கேட்டுது" என்றாய்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வழக்கம்போல வந்து கூப்பிட்டார்கள். நீ கருநீலச் சேலையில் வெளியே வந்தாய். பெட்டியடியில் கிடந்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

"இதென்னகா கோலம்?" என்றாள் விதானையார் பெண்சாதி.

"உங்கட கோலந்தான் அக்கா. நானும் ஒரு நாளைக்கு லொறிக்குத் தெரியாம நடந்து பாக்கிறன்."

பின்னால் நின்ற யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது லொறி வந்ததாம். முன்னால் வெள்ளை இல்லாததால் எல்லோரும் வாவிக்கரைச் சேற்றில் குதித்தார்களாம். விதானையார் பெண்சாதி பூசைத் தட்டோடு இடுப்புவரை இறங்கிப்போனாளாம். "இழுத்துவிட்டது நான்தான். அப்ப அவ முழிவிசளம் பாக்கல்ல" என்று மறுநாள் நீ சொன்னபோது நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவர்களுக்குப் புத்தி வரும் என்று நான் நினைத்தேன். நீ நினைக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் வேறொருத்தியைக் கொண்டுவந்தார்கள். ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பெண். மலேரியாவில் புருசன் போய்ச் சில மாதங்கள்தான். இன்னும் சிறுபிள்ளை முகம். கோயிலுக்குக் கூட்டிப்போனால் மனம் ஆறும் என்று அவளுடைய தாயிடம் சொல்லியிருந்தார்கள். புது வெள்ளையில் அவளை முன்னால் தள்ளிவிட்டு இவர்கள் பின்னால் நடந்தார்கள். தெருவில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. நீயும் நானும் உன் படலையில் நின்று பார்த்தோம். மனிதர்மேல் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் அன்றைக்குப் போனது.

நீ உள்ளே போனாய். வெள்ளை உடுத்துக்கொண்டு வந்தாய். அவர்கள் மறுபடி வென்றுவிட்டார்களே என்று நான் உன்னை மறித்தேன். நீ என் கையை விலக்கினாய்.

"கோபம் என்ர. உயிர் அந்தப் புள்ளையிட."

வேகமாக நடந்து அவளை எட்டிப்பிடித்து வாவிக்கரைப் பக்கம் தள்ளி நடத்தினாய். தெருப்பக்கம் நீ நடந்தாய். கறுப்புக் கடதாசி கிழிக்கப்படும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். பின்னால் வந்தவர்கள் தங்களுக்காகத்தான் நீ திரும்பி வந்தாய் என்று நம்பினார்கள். நீ அவர்களைத் திருத்தவில்லை.

போன மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. முப்பத்தோராம் நாள் சடங்கில் விதானையார் பெண்சாதி எல்லோருக்கும் கேட்க, நீ ஊருக்கே விளக்கு என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். சற்று நேரத்தில் உன் பெறாமகள் நிறைவயிற்றோடு முற்றத்தைக் கடக்கவேண்டியிருந்தது. கடைசி வீட்டுச் சின்னப் பெண்ணை, அவள் கண்ணில் படக்கூடாதென்று, குசினிக்குள் போகச் சொன்னார்கள். சொன்னது அதே வாய். நான் இலையில் வைத்ததைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

உன் கோபத்தை நான் வைத்திருக்கிறேன். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. அது எனக்கு இயல்பாகவே வரும். நீ சொன்னதன் மற்றப் பாதிதான், அந்த உயிர்தான், கடினம். லொறிகள் இப்போது முழு வெளிச்சத்தோடு முன்னைவிட வேகமாக ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை அந்தியில் அந்தக் கடைசி வீட்டுப் பெண் என் படலையில் வந்து, கூப்பிடக் கூச்சப்பட்டு நிற்கிறாள். பாதி திருத்திய கொப்பியை மூடிவைத்துவிட்டு இறங்குகிறேன். கோயில் வாசலோடு நான் நின்றுவிடுவேன். பூசை முடியும்வரை நுளம்பு கடிக்கிறது. அவள் வெளியே வந்ததும், வாவிப் பக்கமாக நட என்று சொல்கிறேன்.