ஒன்பதாவது குழி

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு எழுதுகிறேன். முட்டி வலி தேவலையா? நம் பழைய கல்குவாரி மேட்டில் கோல்ஃப் மைதானம் வரப்போகிறது. வடிவமைப்பது உன் தம்பிதான்! மண்ணைப் புரட்டாமல், மேடு பள்ளத்தை இருக்கிறபடியே ஆட்டத்துக்குப் பயன்படுத்துவது என் வழக்கம். மழையில் நடந்தால்தான் தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று தெரியும். அந்த மேட்டை உன்னைவிட அறிந்தவர் யார்? அடுத்த மழைக்கு வருகிறேன், கூட வா. மச்சான் இருக்கும் பள்ளத்தை யாரும் தொட மாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

உன் வாண்டு

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

தொப்பலாக நனைந்து போனாயே, சளி பிடித்ததா? என் முட்டி என்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறது. உனக்காகத்தானே, போகட்டும்.

நேரில் சொன்னதை மறுபடியும் எழுதுகிறேன். ஓடைச் சரிவு, பாறை மேடு, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். கிழக்குப் பள்ளம் மட்டும் வேண்டாம். பாறை சரிந்து உன் மச்சானும் மற்றவர்களும் உள்ளே போனபின், எடுக்க முடியாது என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். நாங்கள் பெண்கள் ஆளுக்கொரு கல்லுக்கு வெள்ளையடித்து விளிம்பில் வைத்தோம். எங்களுக்கு வேறு கல்லறை கிடையாது.

நான் அங்கே நின்று அழுதபோது நீ அடியெண்ணி நடந்துகொண்டிருந்தாய். எங்கே போனாலும் இவனுக்கு வேலை நினைப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அக்கா

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. கார் அனுப்புகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பந்து போய் விழவேண்டிய ஒன்பதாவது குழி அந்தப் பள்ளத்தில்தான் வந்திருக்கிறது. தவிர்க்கத்தான் பார்த்தேன். மூன்று பக்கமும் சரிவு, நடுவில் சமதளம். தேடினாலும் அப்படி இடம் அமையாது. நீ காட்டியிராவிட்டால் என் கண்ணில் பட்டிருக்காது. கற்களைத் தூக்கி எறியவில்லை, எல்லையாக வைத்திருக்கிறோம். ‘விதவைகள் பள்ளம்’ என்று பெயரும் வைத்தாயிற்று. உங்கள் கதை இனி யாருக்கும் மறக்காது. முதல் பந்தை நீதான் அடிக்கவேண்டும்.

உன் வாண்டு

ஜனவரி 16

மைதான வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கார் வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன். டிரைவர் மேல் தப்பில்லை.

திறப்புக்கு முந்தின நாளே போய்ப் பார்த்தேன். ஒத்திகைக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அடித்த பந்து கல்லில் பட்டுத் தெறித்தது. “சனியன் பிடிச்ச கல்லு, இதை யாரு இங்க வெச்சது?” என்றார். நான் வைத்த கல் அது.

விட்டுவிடுவீர்கள் என்றுதான் அந்த இடத்தைக் காட்டினேன். வேறு யாராவது கேட்டிருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன். கூடப் பிறந்தவன் என்று நம்பி, என் வீட்டுக்காரர் இருக்கும் இடத்தை என் கையாலேயே காட்டிக் கொடுத்துவிட்டேன். மற்ற பெண்கள் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உன் தம்பிதானே என்கிறார்கள்.

என் கல்லை மட்டும் உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். உங்கள் எல்லையில் ஓரிடம் காலியாக இருக்கும். வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கல்குவாரியில் வேலை பார்த்தவரின் மனைவி