புகை படுத்திருந்த காலைகள்

மே 3
இரண்டாவது நோட்டு இன்று ஆரம்பம். முதல் நோட்டு பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் தீர்ந்தது. ஒரு நோட்டை எழுதித் தீர்த்த ஆள் நான்! எழுபத்தோரு வயதில். கோயில் கூடத்தில் பெண்களோடு உட்கார்ந்து படித்தபோது டீச்சர் சொல்லுவார், "பென்சில் மண்வெட்டி இல்ல, மெதுவா பிடிங்க." இப்போது காகிதம் கிழிவதில்லை.

என் பெயர் வெட்சன் ம்ப்பாண்டே. பெயரை எழுத ஆசையாக இருந்தது, எழுதிவிட்டேன். கன்ஜோக்கா குன்றின் மேல் இருக்கும் டெலிபோன் டவருக்குக் காவல்காரன்.

இன்று விடியும்போது காற்று இல்லை. கீழே மீன் வாட்டும் அடுப்புகளின் புகை மேலே போகாமல் ஏரியின் மேல் பலகை மாதிரிப் படுத்திருந்தது. புகை. எவ்வளவு பெரிய புகை, எவ்வளவு சின்ன சொல்.

மே 4
புகை நேராக நின்றது. நியா லோங்வே உசிபா மீன் வறுத்தாள். நியா லோங்வே என் மனைவி. அவள் பெயரையும் முதல் தடவையாக எழுதினேன். காட்டினேன். "இது நானா? இவ்வளவு ஒல்லியா இருக்கேன்?" என்றாள்.

மே 9
புகை படுத்திருந்தது.

கம்பெனி நோட்டு ஒன்று டவர் அறையில் இருக்கிறது. அதில் நாலு கட்டம். தேதி, டீசல், வேலி, மக்கள் சொன்ன குறை. முன்பு நான் கைநாட்டு வைப்பேன், மேற்பார்வையாளர் ஸ்கம்போ மாதம் ஒருமுறை வந்து நிரப்புவார். அக்டோபரிலிருந்து நானே எழுதுகிறேன். கடைசிக் கட்டத்தில் "குறை இல்லை" என்று எழுதுவேன். என் கையிலிருந்து வரும் சொற்களில் அதுதான் அழகு. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரிப் படகு ஓட்டும் ஹாஸ்டன் கடற்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டான். ஏரிக்கரையை நாங்கள் கடற்கரை என்றுதான் சொல்வோம். "மாமா, உங்க டவருக்குக் காது அடைச்சுப்போச்சு. நாம பேசுறது சிலோவா தீவுல நல்லா கேக்குதாம். அவங்க பேசினா இங்க கொரகொரன்னு வருது."
"அடைச்சது டவர் காதா, உன் காதா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஸ்டனும் சிரித்தான்.

மேலே வந்து குறை இல்லை என்று எழுதினேன்.

மே 16
புகை படுத்திருந்தது. ஸ்டம்புலி போய்விட்டான்.

மே 19
அடக்கம் முடிந்தது. ஸ்டம்புலி என் மனைவியின் தம்பி. எங்கள் மகள் தாவோங்கா சிலோவா தீவில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஏழு மாதக் கர்ப்பம். அவளுக்கு மரவள்ளி மாவு கொண்டுபோனவன் அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான்.

தீவின் நர்ஸ் சிஸ்டர் லுசுங்கு விடிந்ததும் ஹாஸ்டனுக்கு போன் போட்டிருக்கிறார். மூன்று தடவை. ஹாஸ்டன் "ஹலோ, யாரு?" என்றது அங்கே தெளிவாகக் கேட்டதாம். அவர் கத்தியது இங்கே கேட்கவில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று இவன் வைத்துவிட்டான். மத்தியானம் பயணிகள் படகு வந்து சொன்ன பிறகுதான் புறப்பட்டான். வயிற்றில் குடல் வெடித்திருக்கிறது. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் அறுத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

துக்க வீட்டில் ஹாஸ்டன் களி தொடவில்லை. மாமரத்தடியிலேயே நின்றான். கடைசியில் என்னிடம் வந்து, "மாமா, நான் மூணு தடவ வெச்சேன். மூணு தடவ" என்றான்.

 அந்தக் காலையிலும் மேலே இருந்தேன். அன்றைய கட்டத்திலும் குறை இல்லை என்று எழுதினேன்.

மே 24
ஊர் சேர்ந்து கம்பெனிக்குக் கடிதம் போட்டிருந்தது. பதில் வந்தது. கோயிலில் டீச்சர் எல்லோருக்கும் படித்தார். "உங்கள் டவர் காவலாளியின் பதிவேட்டில் எட்டு மாதங்களாக ஒரு குறையும் பதிவாகவில்லை. ஆகவே ஆள் அனுப்பத் தேவை எழவில்லை."

டீச்சர் படிப்பதை நிறுத்தினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் பார்த்தார்.

வீட்டில் நியா லோங்வே அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள்.
"என்ன எழுதினீங்க?"
"குறை இல்லைன்னு."
"ஹாஸ்டன் சொன்னானே. மீன்காரிங்க சொன்னாங்களே. நானே சொன்னேனே, தாவோங்கா பேச்சு நொறுங்கி நொறுங்கி வருதுன்னு."
"ஆமா."
"அப்பறம் எதுக்கு அப்படி எழுதினீங்க?"
"அதுதான் எழுத வந்துச்சு."

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 25
எழுத முடியவில்லை.

மே 28
யோசித்தேன். ஸ்டம்புலி திரும்ப மாட்டான். ஆனால் தாவோங்காவுக்கு ஜூலையில் நாள். முதல் பிரசவம். டவர் இப்படியே இருந்தால் சிஸ்டர் லுசுங்கு மறுபடியும் மூன்று தடவை போன் போடுவார் —

ஸ்கம்போவுக்குப் போன் செய்து, பதிவேட்டில் இருப்பது பொய், நான்தான் எழுதினேன், மேலே சொல்லுங்கள் என்றேன்.
"பெரியவரே, உங்களுக்கென்ன பித்தா? கம்முனு இருங்க. பொய் எழுதினேன்னு நீங்களே சொன்னா உங்க வேலையும் போகும், பாக்காம கையெழுத்துப் போட்ட என் வேலையும் போகும்."
"ஆள் வரணும்."
"வரும், வரும். அடுத்த வருஷம் வரும்."

போனை வைத்துவிட்டுக் கம்பெனி நோட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். காலை முழுக்க ஆயிற்று. "அக்டோபர் முதல் குறைக் கட்டத்தில் நான் எழுதியது உண்மை அல்ல. தீவுக் குரல் கரையில் கேட்பதில்லை. ஒருவர் இறந்தார். ஸ்கம்போ ஐயா மேல் தப்பு இல்லை. வெட்சன் ம்ப்பாண்டே." அந்தப் பக்கத்தை டீச்சர் தன் போனில் படம் பிடித்து ம்சூசு நகரத்தில் இருக்கும் கம்பெனி அலுவலகத்துக்கு அனுப்பினார்.

அவர் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

ஜூன் 6
எஞ்சினியர் வந்துவிட்டார்! பெண். தெம்வனானி கோண்ட்வே. நாற்பது வயதிருக்கும். கயிற்றைக் கட்டிக்கொண்டு டவரில் ஏறினார். நான் கீழே நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

இறங்கி வந்து, "ஐயா, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். கம்ப்யூட்டரில் ஏதேதோ கோடுகள். "சில நாள் மட்டும் சத்தம் ஏறுது. ஏன்னு தெரியல. எந்தெந்த நாள் ஜனங்க குறை சொன்னாங்கன்னு தெரிஞ்சா உதவும். உங்க பதிவேட்டுல..." என்று நிறுத்திக்கொண்டார்.

வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். "அம்மா, என்கிட்ட இன்னொரு நோட்டு இருக்கு. அது எனக்காக எழுதினது. அதுல பொய் இல்ல. ஆனா ஒண்ணும் இல்ல. மீன், புகை, பொண்டாட்டி."

இரண்டு நோட்டையும் கொடுத்தேன். சட்டையைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. உட்கார்ந்து படித்தார். மே 4-ல் சிரித்தார். 16-ல் சிரிப்பு நின்றது.

"அது என்ன, புகை படுத்திருந்தது?"
"காத்து இல்லாத குளிர்காலைல புகை மேல ஏறாது அம்மா. யாரோ மூடி போட்ட மாதிரி தண்ணி மேலயே நீளமா படுத்துக்கும்."

அவர் பென்சிலைக் கேட்டார். என் பென்சிலை! புகை படுத்திருந்த தேதிகளை ஒவ்வொன்றாக எழுதினார். பதினொன்று. பிப்ரவரியிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தம் ஏறிய நாட்களும் அதே பதினொன்று.

ரொம்ப நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "தெற்கு முனைல ஒரு டவர் புதுசா நட்டாங்களே, எப்போ?"
"செப்டம்பர் கடைசி."

ஜூன் 7
இன்று எனக்குப் புரியும்படி சொன்னார். மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

போன் நம் பேச்சை அனுப்பும்போது அதோடு டவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு குறியையும் சேர்த்து அனுப்புமாம். பைலட் என்கிறார்கள். அந்தக் குறி எப்படிக் கோணலாகி வருகிறது என்று பார்த்து, வழியில் தண்ணீரும் குன்றும் என்ன செய்தன என்று டவர் அளந்துகொள்ளும். அந்த அளவை வைத்துப் பேச்சை நிமிர்த்தி எடுத்துக்கொள்ளும்.

இதை அரை மணி நேரம் சொன்னார். கல்லை வைத்தும் குச்சியை வைத்தும் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு சட்டென்று பிடிபட்டது.

"அம்மா, அது ஓடீ!"

எங்கள் ஊரில் முற்றத்து ஓரத்தில் நின்று ஓடீ என்று குரல் கொடுக்காமல் யாரும் யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை. எல்லோரும் சொல்வது அதே சொல்தான். சொல் தெரிந்தது என்பதால்தான், உள்ளே இருப்பவருக்கு வந்தது யார், எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், சளி பிடித்திருக்கிறதா என்று எல்லாம் தெரிகிறது.

"இத முதல்லயே சொல்லியிருந்தா என் தொண்டை காஞ்சிருக்காதே" என்றார்.

ஒரே நேரத்தில் பல போன்கள் கூப்பிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓடீயைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் டவரில் இருக்கிறது. தெற்கு முனை டவரை நட்டவர்கள், இங்கே நன்றாக ஓடுகிறதே என்று எங்கள் பட்டியலையே அப்படியே நகல் எடுத்துப் போட்டுவிட்டார்கள். நடுவில் அவ்வளவு தண்ணீர், எங்கே எட்டப்போகிறது என்று நினைத்தார்கள்.

புகை படுத்த காலையில் எட்டுகிறது. மூடிக்குக் கீழே புகை மாதிரி அதுவும் தண்ணீர் மேலேயே நீளமாக வருகிறது. அந்த நேரம் தெற்குக் கரையில் மீன் வாங்க வந்த அத்தனை பேரும் போனில். தீவிலிருந்து வரும் மெல்லிய ஓடீயும் அங்கிருந்து வரும் ஓடீயும் ஒன்றே. டவர் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்துத் தப்பான அளவு எடுக்கிறது. தப்பான அளவில் நிமிர்த்தினால் பேச்சு நொறுங்கத்தான் செய்யும்.

வாசலில் இரண்டு பேர் ஒரே குரலாக ஓடீ என்கிறார்கள். யாரென்று பிடிபடாத வீட்டுக்காரன், ஒருவரும் இல்லை என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். என்னைப் போல.

ஜூன் 12
தெம்வனானி அம்மா போனில் பேசினார். எங்கள் டவரின் பட்டியலை மாற்றிவிட்டார். "ஆனா ஐயா, சரியாச்சான்னு இப்ப சொல்ல முடியாது. புகை படுக்கிற காலை ஒண்ணு வரணும்."

ஜூன் 15
ம்வேரா காற்று ஆரம்பித்துவிட்டது. அலை ஆள் உயரம். பயணிகள் படகு நிறுத்தம். தாவோங்காவை இங்கே கூட்டிவரலாம் என்றிருந்தோம். முடியாது.

ஜூன் 20
ம்வேரா.

ஜூன் 21
ம்வேரா. போன் நன்றாகக் கேட்கிறது. காற்றடிக்கும் நாளில் எப்போதும் நன்றாகத்தானே கேட்டது. தாவோங்கா, "அப்பா, கால் வீங்கியிருக்கு, தலை வலிக்குது" என்றாள். "சிஸ்டர் என்ன சொல்றாங்க?" "ஒண்ணும் சொல்லல. தினமும் வந்து பாக்குறாங்க." அவளிடம் புகை பற்றி நான் பேசவில்லை.

ஜூன் 27
கடிதம் வந்தது. உறையில் என் பெயர். என் பெயர் போட்டு எனக்கு வந்த முதல் கடிதம். டீச்சரிடம் எடுத்துப் போகவில்லை. கல்லில் உட்கார்ந்து நானே படித்தேன். முதல் தடவை எழுத்தாகப் படித்தேன். இரண்டாவது தடவை புரிந்தது. பதிவேட்டில் தொடர்ந்து பொய் எழுதியதற்காக இந்த மாதத்தோடு வேலை முடிகிறது.

மூன்றாவது தடவையும் படித்தேன். படிக்க முடிகிறது என்பதற்காக.

நியா லோங்வே கேட்டாள், "என்ன போட்டிருக்கு?" அவளுக்கும் படித்துக் காட்டினேன். "தடுக்காம படிச்சீங்க" என்றாள். மே 24-ஆம் தேதிக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. 

ஜூன் 30
சாவியைக் கொடுத்தேன். கம்பெனி நோட்டையும். கடைசிக் கட்டத்தில் "இன்னும் தெரியாது" என்று எழுதினேன்.

ஜூலை 4
சாயங்காலம் காற்று விழுந்தது. ஏரி எண்ணெய் மாதிரி. பயமாக இருக்கிறது.

ஜூலை 5
விடியும்போது கடற்கரைக்குப் போனேன். புகை படுத்திருந்தது. இந்தக் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் மட்டும் பலகை போட்டது போல. நியா லோங்வேயும் பின்னாலேயே வந்தாள். நான் கூப்பிடவில்லை.

ஹாஸ்டன் படகில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மே மாதத்திலிருந்து அவன் அப்படித்தான் பிடிக்கிறான். 

போன் அடித்தது. அவனுக்கு இரண்டு தடவை விரல் தவறியது. எடுத்து ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தான்.

"ஓடீ!"

சிஸ்டர் லுசுங்கு. பக்கத்து முற்றத்தில் நிற்பது மாதிரி. மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

"ஹாஸ்டன், படகு வேணும், இப்பவே. தாவோங்காவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிடுச்சு, ஒரு தடவ வலிப்பு வந்துது. கேக்குதா? ஹாஸ்டன், கேக்குதா?"

"கேக்குது சிஸ்டர்! கேக்குது, கேக்குது, கேக்குது..." அவன் சொல்லிக்கொண்டே மோட்டாரை இழுத்தான். நியா லோங்வே செருப்போடு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏறிவிட்டாள். படகு புகைக்குக் கீழே போனது. சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

நான் கரையில் ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். பதினொரு மணிக்குப் படகு நேராக ஆஸ்பத்திரித் துறைக்குப் போனது. நான் ஓடினேன். எழுபத்தோரு வயதில் ஓடினேன். டாக்டர்கள் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாவோங்கா இன்னும் கண் திறக்கவில்லை. ஆனால் கொதிப்பு இறங்குகிறது, பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். நியா லோங்வே குழந்தையை வாங்கினாள். தம்பி பெயரைச் சொல்லி அழுதாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த இரண்டு சொற்களை மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதவில்லை. இப்போது யாரும் என்னை எழுதச் சொல்லவும் இல்லை, கட்டமும் இல்லை. ரொம்ப யோசித்து, மெதுவாக எழுதுகிறேன்.

இன்று காலைக்கு மட்டும், குறை இல்லை.