தொழுகைக் கதிரை

09.07.2024
அப்ராஸ் இன்றும் கையை நீட்டிக்கொண்டு வந்தான். தூக்கவில்லை. என்ட பத்து மாதப் பிள்ளை, கொஞ்சம் பார்த்துவிட்டு மாமியிடம் தவழ்ந்து போனான். இடுப்பிலிருந்து இடது கால்வரை சுண்டி இழுக்குது. நெற்றியை நிலத்தில் வைக்கிற சுஜூதுக்குக் குனிய ஏலாமல் கதிரையில் இருந்து தொழுகிறேன். மாமியின் பகிடி: "நான் கீழ தொழுறன், மருமகள் கதிரையில. இதில ஆரு மாமி, புள்ள?"
சிரித்தேன். பிறகு குளியலறையில் அழுதேன்.

17.07
தொழுகைக்கு வுழூ செய்து கால் கழுவும்போது இடது பெருவிரலில் தண்ணீர் பட்டது தெரியவில்லை. திரும்ப ஊற்றினேன். ஈரம் கண்ணுக்குத் தெரியுது, விரலுக்குத் தெரியேல்ல. யா அல்லாஹ். முனீபை எழுப்பவா? என்ட மனுசன், துறைமுக வேலை முடிந்து இப்பதான் படுத்தார்.

20.07
டொக்டரிடம் காட்டினோம். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை நெரிக்கிறதாம். விரல் மரத்ததால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாதாம். கொழும்பில் ஓர் ஆய்வு நடக்கிறது. சிலருக்கு வழமைபோல் வெட்டி, சிலருக்குப் பென்சில் அளவு துளையால் குழாய் விட்டு, பிதுங்கியதை எடுப்பார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல். "கட்டாயமில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டொக்டர்.
யோசிக்கிறதா? வேற என்ன வேலை எனக்கு.

23.07
ஃபோனில் ஆய்வுக் கட்டுரைகள். படித்த படிப்பு பயப்படத்தான் உதவுது. "பெரும்பாலானோர் தேறினர்." சரி — மிச்சப் பேர்? அவங்களுக்கும் பிள்ளைகள் இருந்திருக்கும்தானே?
முனீப்: "அதில உன்ட பேர் இருக்கா? இல்லைதானே. ஃபோனை வை."

25.07
சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

02.08
குலுக்கலில் எனக்குத் துளை. சந்தோசப்படவா?

16.08
முடிந்தது. முதுகில் சின்ன ஒட்டு மட்டும். கால் இழுவை போய்விட்டது! விரல் மட்டும் இன்னும் மரம்போல. நரம்பு மெல்லத்தான் தேறுமாம். அந்த மிச்சப் பேரில் நான் ஒருத்தியா?
கொழும்பிலிருந்து வேனில் படுத்தே வந்தேன். இப்போதைக்குக் குனியவோ பிள்ளையைத் தூக்கவோ கூடாது. அப்ராஸ் மாமியின் தோளிலிருந்து என்னைப் பார்த்தான், வீட்டுக்கு ஆரோ வந்திருக்கிற மாதிரி.

12.11
குனியலாம் என்று போன கிழமையே டொக்டர் சொன்னார். துணியவில்லை. இன்று ஆய்விலிருந்து ஒரு பெண் ஃபோன் எடுத்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டா. ஒன்று என்றேன். விரலுக்குப் பாதி உணர்ச்சி.
அஸர் தொழுகைக்குப் பார்த்தால் கதிரையைக் காணவில்லை. மாமி குசினியில் அதில் இருந்து வெங்காயம் உரிக்கிறா! கேட்க வெட்கம். விரிப்பில் நின்றேன்.
சுஜூதில் நெற்றி வைத்ததும் முதுகில் பொத்தென்று பாரம். அப்ராஸ் சட்டையைப் பிடித்து ஏறியிருக்கிறான்.
மாமி கத்தினா: "அல்லாஹ்வே, புள்ளட முதுகு! முனீப், எறக்குடா அவனை!"
முனீபின் காலடி கேட்டது. பக்கத்தில் வந்து நின்றது.
நான் நெற்றியை எடுக்கவில்லை. அவனாக இறங்கட்டும்.