புளியமரத்துக்கு இந்தப் பக்கம்

அம்மா,

கழற்றிவிட்டேன்.

நீங்கள் மாட்டிவிட்ட வளையம் இப்போது என் கையில் இல்லை. எவர்சில்வர் தட்டில், தேங்காய் எண்ணெய் வழிய, என் முன்னால் கிடக்கிறது. என் மகள் செல்வி கால் மணி நேரம் மல்லுக்கட்டித்தான் எடுத்தாள். நீங்கள் போட்ட அன்று லொடலொடவென்று ஆடிய வளையம் அது. ஐம்பது வருஷத்தில் என் மூட்டு தடித்துவிட்டது. அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய கை மாதிரியோ இருக்கிறது.

எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுகிறாள். நீங்கள் கண்ணை மூடி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆனாலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சேதி எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் அண்ணன் கிடைத்துவிட்டார்.

நீங்கள் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய நாள் அப்படியே நினைவில் இருக்கிறது. தோளில் அட்டை அட்டையாகப் படக் காகிதம். வெள்ளைக்கார அம்மா என்று நாலு ரிக்‌ஷாக்காரர்கள் சூழ்ந்துகொண்டு இங்கிலீஷில் கத்தினோம். நீங்கள் என்னைப் பார்த்து, "ஐயா, தாங்கள் கைலாசநாதர் ஆலயத்திற்கு வருவீர்களா?" என்று கேட்டீர்கள். மற்ற மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். புத்தகத்தில் படித்த தமிழ். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவரை யாரும் என்னை ஐயா என்று கூப்பிட்டதில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம், தினமும் காலையில் உங்களைக் கோயிலில் விட்டு, வெயில் தாழ்ந்ததும் திரும்பக் கூட்டிவந்தேன். நீங்கள் உட்கார்ந்து சிலைகளை வரைவீர்கள். மணல் கல் என்பதால் முகமெல்லாம் கரைந்துபோயிருக்கும். ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கில்லாத சாமிக்கு ஒரு மூக்கு போட்டால் என்ன என்று கேட்டேன். "இல்லாததை நான் வரைய மாட்டேன், ஐயா" என்றீர்கள்.

அன்றைக்குத்தான் உங்கள் கையிலிருந்த வளையத்தைப் பற்றிக் கேட்டேன். அண்ணன் வியட்நாம் சண்டையில் விமானம் ஓட்டியவர் என்றும், பக்கத்து நாட்டுக் காட்டில் விமானம் விழுந்துவிட்டது என்றும் சொன்னீர்கள். செத்தாரா, பிடிபட்டாரா, யாருக்கும் தெரியாது. வளையத்தில் அவர் பெயரும் காணாமல்போன நாளும் வெட்டியிருந்தன. அவர் வீடு திரும்பும்வரை கழற்றுவதில்லை என்று உங்கள் ஊரில் முன்பின் தெரியாதவர்கள்கூட அந்தப் பெயர் வெட்டிய வளையத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். படிக்கத் தெரியாதவனுக்கு மேடும் பள்ளமும்தான் தெரிந்தது.

மறுநாளிலிருந்து வண்டியில் நீங்கள் ஏறும்போதெல்லாம், "அண்ணன்கிட்ட இருந்து காயிதம் வந்துதாமா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவீர்கள். சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வருஷம் ஊருக்குக் கிளம்பினீர்கள். பஸ் ஏறும் முன் பையிலிருந்து இன்னொரு வளையத்தை எடுத்து, "தினமும் கேட்டவர் தாங்கள் ஒருவர்தான். விருப்பமிருந்தால் மட்டும்" என்றீர்கள். நான் கையை நீட்டினேன்.

ஊர் தாண்டக்கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்த விதி. எங்கள் தென்னேரியில் அம்மனுக்குத் திருவிழா என்றால் மணிக்கட்டில் காப்புக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவன் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் எதற்காகக் கட்டினோமோ அது கெட்டுவிடும். நான் ரெண்டு தடவை கட்டிக்கொண்டவன். கையில் ஒன்றைப் பூட்டி, காரியம் முடியும்வரை கழற்றாதே என்று சொன்னால் அது காப்பு இல்லாமல் வேறென்ன? வாலாஜாபாத் சாலையில் ஒரு புளியமரம் உண்டு. அதுதான் எல்லை என்று அன்றைக்கே வைத்துக்கொண்டேன்.

என் சம்சாரம் கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அவ அண்ணன் எங்கியோ காட்ல கீறான். நீ இன்னாத்துக்குயா இங்க கட்டிப்போட்ட மாடாட்டம் கீற?" என்பாள். தென்னேரியில் இருந்த என் அம்மாதான் எனக்காகப் பரிந்து பேசினாள். கட்டிக்கொண்டால் மதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மாதம் ஒரு முறை அவளே பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவாள்.

இனி சொல்லப்போவதை உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

மூணாம் வருஷம் ஒரு மாதம் என் அம்மா வரவில்லை. அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று என் தம்பி சைக்கிளில் வந்து சொன்னான். ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டு புளியமரம்வரை மிதித்தேன். அங்கே நிறுத்தி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு நாளு பொறுத்துக்க சார்" என்று உங்கள் அண்ணனிடம் கேட்டேன். பிறகு தாண்டினேன். ஏரிக்கரை தெரியும் இடத்துக்குப் போகும்போதே ஒப்பாரி கேட்டது. அவளை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் திரும்பிவிட்டேன்.

ரெண்டு மாதத்தில் உங்கள் கடிதம் வந்தது. சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் படித்துச் சொன்னார். உடல் கிடைக்காமலே உங்கள் அண்ணன் இறந்துவிட்டதாகச் சர்க்கார் முடிவு செய்துவிட்டதாம். 'நான் ஏற்கவில்லை. தாங்களும் கழற்ற வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள்.

டீச்சர் என்னைப் பார்த்து, ஏன் இப்படி வேர்க்கிறது என்று கேட்டார். வெயில் என்றேன். மூன்று வருஷம் உயிரோடு வைத்திருந்த மனுஷனை ஒரே நாளில் கொன்றுவிட்டேன் என்று யாரிடம் சொல்ல? ஆனால் நீங்கள் நம்பிக்கொண்டிருந்தீர்கள். ஒருவேளை இன்னும் உயிர் இருந்தால், அந்த ஒரு இழையையும் நான் அறுத்துவிடக்கூடாது. அதற்குப் பிறகு புளியமரத்தைத் தாண்டி ஒரு அடிகூட வைத்ததில்லை. வருஷா வருஷம் உங்கள் கடிதம் வரும். நான் ஒரே ஒரு வரிதான் எழுதச் சொல்வேன்: 'கழற்றவில்லை.'

செல்வி கல்யாணம் வாலாஜாபாத்தில், மாப்பிள்ளை ஊரில். இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன், அவர்கள் ஒப்பவில்லை. புளியமரம்வரை வேனோடு போய் இறங்கிக்கொண்டேன். செல்வி மாலையும் பூவுமாக ஜன்னலில் தலையை நீட்டி, "நைனா, ஏறு" என்றாள். ரெண்டாவது தடவை கூப்பிடவில்லை. என் தம்பிதான் தாரைவார்த்துக் கொடுத்தான். பேத்தி பிறந்ததும், புது வீடு கட்டியதும், எல்லாமே நான் காதால் கேட்டதுதான். இன்றுவரை அவள் வீட்டு வாசற்படி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாலையை அகலப்படுத்த அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். எல்லை மட்டும் அங்கேயே நின்றது.

போன மாதம் உங்கள் அண்ணன் மகளிடமிருந்து கடிதம் வந்தது. மலைக்காட்டில் தோண்டிப் பார்த்ததில் ஒரு பல்லும் ரெண்டு எலும்புத் துண்டும் கிடைத்ததாம். நீங்கள் எப்போதோ கொடுத்து வைத்திருந்த எச்சிலை வைத்துத்தான் அவரென்று உறுதி செய்தார்களாம். நீங்கள் போன பிறகும் தங்கச்சிதான் அண்ணனை அடையாளம் காட்டியிருக்கிறாள். இருக்கையின் வாரோடு சேர்ந்து கிடந்தாராம். விமானம் விழுந்த அன்றே போய்விட்டார் என்று எழுதியிருந்தது.

அந்த வரியைச் செல்வியை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். விழுந்த அன்றே. நீங்கள் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே. நான் கையை நீட்டுவதற்கு முன்பே. என் அம்மா சாவுக்கு நான் போனதால் இல்லை.

இந்த இடத்தில் செல்வி பேனாவை வைத்துவிட்டாள். தென்னேரிக்குப் போனதையும் அதற்குப் பின் வந்த உங்கள் கடிதத்தைப் பற்றியும் இன்றைக்குத்தான் அவளும் கேட்கிறாள். "செத்துப்போனவருக்காவா நைனா நீ என் கல்யாணத்துக்கு வரல?" என்றாள்.

"செத்துப்போனாருன்னு தெரியாதுமா."

"எங்கிட்டயாவது சொல்லி இருக்கலாம் இல்ல?"

கேட்டுவிட்டு அவளே பேனாவை எடுத்தாள்.

வளையத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி உங்கள் அண்ணன் மகள் கேட்டிருக்கிறாள். அவருடைய பெட்டியில் வைத்துப் புதைப்பார்களாம். நாளை தபாலில் போகிறது. ஆனால் செல்வி வீட்டுக்கு நான் போக முடியவில்லை, அம்மா. வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, இன்று காலையில் செல்வியோடு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். மரம் இருந்த இடம் வந்ததும் என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். "இன்னா பெருசு, வாந்தியா?" என்றான் ஆட்டோக்காரன். செல்வி ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவளும் இறங்கி, என்னோடு வீடுவரை நடந்தே வந்தாள்.

ஏன் என்று வழியெல்லாம் யோசித்தேன். காப்பைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அதுதான் முறை. கட்டிய நீங்கள் இல்லை. போதும் ஐயா, இனி தாங்கள் போகலாம் என்று சொல்ல யாரும் இல்லை. இதைச் செல்வியிடம் இப்போதுதான் சொன்னேன். அவள் எண்ணெய்த் தட்டைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"நான் அவுத்தனே நைனா. பத்தாதா?"

பத்துமா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. நாளை தபாலாபீசுக்குப் போய்விட்டு மறுபடி ஆட்டோ ஏறலாம் என்கிறாள். வெளுத்துக் கிடக்கும் அந்தத் தடத்தின் மேல் அவள் இடது கையை வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், விடமாட்டேன் என்கிறாள். காகிதத்தை அழுத்திப் பிடிக்க அவளுக்கு வேறு கை இல்லை. கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதனால்தான்.