குண்டு பல்பும் வெள்ளை வெளிச்சமும்

ஜூன் 6, வியாழன்

மகள் ராதிகா அம்பத்தூரில் வேலை முடிந்து வரும்போது எல்.இ.டி. பல்பு வாங்கி வந்தாள். கூடத்தில் இருந்த குண்டு பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். கரண்ட் மிச்சமாம். தையல் மெஷினில் கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் ஓடுவது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நாளாயிற்று!

ஜூன் 8, சனி

காலையில் பார்த்தால் மறுபடி குண்டு பல்பு. என் வீட்டுக்காரர் மாற்றியிருக்கிறார். கேட்டால், "அது இன்னா வெளிச்சம், ஆஸ்பத்திரி மாரி? ஊடு ஊடா இருக்க வேணாமா?" என்கிறார். ராதிகா திரும்ப மாட்டினாள். சாயங்காலம் அவர் திரும்பக் கழற்றினார்.

இருபத்தாறு வருடத்தில் வீட்டில் எது எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்காத மனிதர். ஒரு பல்புக்கா இத்தனை பிடிவாதம்?

ஜூன் 9, ஞாயிறு

அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜூன் 11, செவ்வாய்

இன்று எரிந்தது வெள்ளைப் பல்பு. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு சாப்பிட்டார். மெதுவாகக் கேட்டேன்.

"லைட்டச் சுத்தி முள்ளு முள்ளா கீது தாட்சா. கண்ணு கூசுது. குண்டு பல்புன்னா அவ்ளோ தெர்ல."

பொங்கலுக்கு முன்னாலிருந்தே இப்படியாம்.

"அப்போ எதிர்ல வர்ற வண்டி லைட்டு?" என்றேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றது.

இவர் ஓட்டுவது திருவேற்காடு–பூந்தமல்லி ஷேர் வேன். பத்துப் பேர் ஏறும் வண்டி.

ஜூன் 12, புதன்

டாக்டர்கிட்ட போலாம்னா, "வண்டியப் புடுங்கிடுவாங்க"ன்றாரு. ஐம்பத்திரண்டு வயசுல வேற இன்னா வேலை தெரியும்ன்றாரு. எனக்கும் அந்தப் பயம்தான். ஆனா அந்த வேன்ல ஏறுற பொண்ணுங்க — எல்லாம் ராதிகா வயசு. நான் என்ன செய்ய?

ஜூன் 13, வியாழன்

வேன் முதலாளி வீராசாமி அண்ணனுக்கு நானே போன் செய்து சொல்லிவிட்டேன். "சாவிய வாங்கிக்கிறேம்மா. கண்ணப் பாத்துகினு வரட்டும். வண்டி எங்க போய்டப் போவுது?" என்றார்.

மதியமே வந்துவிட்டார் இவர். "எம் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டியே."

சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜூன் 16, ஞாயிறு

நான் செஞ்சது சரிதானே? சரிதான். அப்புறம் ஏன் தெருவுல வேன் சத்தம் கேட்டா எட்டிப் பாக்குறேன்?

ஜூன் 18, செவ்வாய்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வர்றியா இல்லியா?" அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ்ஸில், என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "போன மாசம் சைக்கிள்ல வந்த ஒரு ஆளு... இம்மாந்தூண்டுல தப்பிச்சாரு."

கையைப் பிடித்துக்கொண்டேன். இழுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 3, புதன்

வலது கண் ஆபரேஷன் முடிந்தது. ராதிகா கூடத்துக்கு மஞ்சள் வெளிச்சம் தரும் எல்.இ.டி. வாங்கி வந்தாள். வெள்ளைப் பல்பு என் மெஷினுக்கு மேலே. அப்பா கேட்டதையே அவளிடம் நாலு தடவை கேட்கிறார், "இதுவும் கரண்டு மிச்சந்தானா?"

செப்டம்பர் 1, ஞாயிறு

இடது கண்ணும் ஆறிவிட்டது. நாளை முதல் வண்டி எடுக்கலாம்.

மதியம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை தவறியது. அவர் வந்து வாங்கி, ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தார்.

"அடுத்து ஒங்கண்ணக் காட்டணும். நான் இட்டுகினு போறேன்."