டீக்கடைக்குப் பின்னால் ஒரு வேலி

மார்ச் 4, 2025, செவ்வாய்

இருநூற்றுப் பன்னிரண்டு நடுகற்கள் எங்கள் இணைய வரைபடத்தில் ஏறிவிட்டன. கொட்டாம்பட்டி என்று தட்டினால் பதினான்கு புள்ளிகள் வந்து நிற்கின்றன. ஒன்றைத் தொட்டால் படம், அளவு, கல்வெட்டு வாசகம் எல்லாம் விரிகிறது. கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் நான் தூசி தட்டி அடுக்கிய நோட்டுகளில் முடங்கிக் கிடந்தவை. ரிட்டயர் ஆன பிறகு இந்த முட்டிவலியோடு வெயிலில் அலைந்தது வீண்போகவில்லை.

மத்தியானம் பாண்டியம்மாள் போன் செய்தாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஆடு வளர்க்கிறவள். அவள் காட்டோரம் இருக்கும் நடுகல்லைப் போன மே மாதம் பதிவு செய்தேன்: ஈட்டி பிடித்த ஆள், காலடியில் நாய். சண்டையில் பட்டு விழுந்தவர், அதனால் அவளுக்கு அவர் ‘பட்டவரு’. வெள்ளி தவறாமல் விளக்கு வைப்பாள். புறவழிச்சாலைக்கு அளக்கிறார்களாம், கலெக்டரிடம் மனு கொடுக்கட்டுமா என்று கேட்டாள்.

எதற்கு வீண் அலைச்சல், மேப்பில் இருக்கிறார், யாரும் தொடமாட்டார்கள் என்றேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 21, வெள்ளி

சாலை வேலைக்காரர்களே நம் பட்டியலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வேலி போட்டு விட்டுவிடுவார்களாம். இந்த வரைபடத்தைக் கட்டி நடத்துகிற கார்த்திகேஷ் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

“டீச்சர், பட்டவரக் காணோம்.”

பாண்டியம்மாள் போனில் சொன்னது இவ்வளவுதான். நூலகத்தில் இருந்தவள் என்றாலும் அவளுக்கு நான் டீச்சர்.

ஏப்ரல் 10, வியாழன்

போய்ப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் செம்மண் கொட்டி ரோலர் ஓட்டியிருக்கிறார்கள். ஜேசிபி ஓட்டுகிறவரிடம் சண்டைக்குப் போனேன். உங்களுக்கெல்லாம் கண் அவிந்துபோச்சா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. வேலி போட்ட இடத்தை நாங்கள் தொடவே இல்லையே, வாங்க காட்டுகிறேன் என்று மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போனார்.

டீக்கடைக்குப் பின்னால் நாலு பக்கமும் இரும்புக் கம்பி, பச்சை வலை, ‘தொன்மைச் சின்னம்’ என்று பலகை. உள்ளே கருவேலமுள், இரண்டு பிளாஸ்டிக் கப். வேறொன்றும் இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பதிவு செய்த அன்றைக்குக் கல் இருந்த இடத்தில் டவர் கிடைக்கவில்லை, போனில் பதிவுப் படிவம் திறக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். இதே கடையில் டீ சொல்லிவிட்டு, பின்பக்கம் நிழலில் நின்று எல்லாவற்றையும் ஏற்றினேன். படிவம் எங்கே திறக்கிறதோ அந்த இடத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். அப்புறம் விரலால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும். சாயங்காலம் வீட்டில் செய்யலாம் என்று நினைத்தேன்.

செய்யவில்லை. மறந்தே போய்விட்டேன், பாவி.

பாண்டியம்மாள் மண்மேட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் எதுவும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். என்ன மனுஷி நான்?

ஏப்ரல் 12, சனி

நான் ஏற்றியவை முப்பத்தொன்று. பத்தொன்பது புள்ளிகள் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் நிற்கின்றன. வாடிப்பட்டிக் கல் ஒன்று பெட்ரோல் பங்கில்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி வாயில் இறங்கவில்லை. என் வீட்டுக்காரர், வீட்டில் நாங்கள் பேசும் பாஷையில், என்ன ஆச்சு என்று மூன்று தரம் கேட்டார். சொன்னேன். அவர் மோரை ஊற்றினார்.

கார்த்திகேஷிடமும் சொல்லிவிட்டேன். “புள்ளிய நகத்திட்டுப் போங்கக்கா. யாரு போயி அளக்கப் போறா?” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என்னால் முடியவில்லை. சாலைக்காரர்களுக்கு நானே கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, வேலி உள்ள இடத்தில் சின்னம் எதுவும் இல்லை, கல் இருந்த இடம் இது, தோண்டிப் பாருங்கள் என்று. கீழே முழுப்பெயர், மீனலோசனி.

அனுப்பியதும் பாரம் குறைந்த மாதிரி இருந்தது. இதில் பாரம் குறைய எனக்கென்ன உரிமை?

ஏப்ரல் 25, வெள்ளி

பாண்டியம்மாளிடம் சொல்லிவிடுவது என்று போனேன். வீட்டில் இல்லை. டீக்கடைக்குப் பின்னால் இருந்தாள். வலையை ஒதுக்கி உள்ளே போய், முள்ளை வெட்டி, ஒரு செங்கலை நட்டு மஞ்சள் பூசியிருந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“மேப்புல இங்கதான் இருக்காருன்னு ரோட்டுக்காரவுக சொன்னாக டீச்சர். நீங்க படிச்சவுக, தெரியாமலா எழுதியிருப்பீக? கல்லு போனாலும் அவரு இங்க வந்துட்டாரு.”

திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தது நிஜம். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், டவர், நிழல், டீ, மறதி, கடிதம் வரை.

செங்கலைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நீங்க டீ குடிச்ச எடத்துலயா நான் வெளக்கு வச்சுக்கிட்டு இருக்கேன்?”

அவள் திட்டியிருக்கலாம். விளக்கை அணைக்கவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் கிளம்பினேன்.

மே 2, வெள்ளி

பதில் வந்துவிட்டது. தகவலுக்கு நன்றி. சாலை போட்ட இடத்தைத் தோண்ட வழியில்லை. குறிப்பிட்ட இடத்தில் சின்னம் எதுவும் இல்லை என்று நீங்களே உறுதி செய்திருப்பதால் திங்கட்கிழமை வேலி அகற்றப்படும்.

நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தையே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இந்தச் செங்கலுக்காக யாரிடம் போய் என்ன சொல்வேன்? அவளுக்குப் போன் செய்து திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னேன். “ம்” என்றாள்.

மே 9, வெள்ளி

பத்தொன்பதில் ஆறை நேரில் போய்ச் சரிசெய்துவிட்டேன். கல்லின் பக்கத்தில் நின்று, டவர் வரும்வரை காத்திருந்து. இன்று திருவாதவூர் வெயில் மண்டையைப் பிளந்தது. பட்டவரின் புள்ளியையும் நகர்த்தினேன், அது இப்போது புதுச் சாலையின் நடுவில் நிற்கிறது. ‘தற்போதைய நிலை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டேன்.

சாயங்காலம் பாண்டியம்மாளே கூப்பிட்டாள். வேலியைப் பிரிக்கும் முன்பே செங்கலை எடுத்துவிட்டாளாம். வேறு இடத்தில் நட்டு, இன்றைக்கு விளக்கும் வைத்துவிட்டாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கே என்று கேட்டேன்.

“அது எதுக்கு டீச்சர்? நல்லா இருக்காரு. மேப்புல மட்டும் ஏத்திராதீக.”

சரி என்றேன்.